கண் விழுந்த கல்

சென்ற வைகாசியில், மும்பையின் செம்பூரில் மேம்பாலத்துக்கு அடியில் கல் கொத்தி விற்கும் ஒரு குடும்பத்தாரிடமிருந்து அம்மியும் குழவியும் வாங்கி வந்தேன். மராட்டியில் இந்த இணையைப் பாட்டா வரவண்டா என்பார்கள். ஆட்டோவிலிருந்து இறக்கி, இரண்டு மாடி தூக்கி வந்து, சமையலறைத் தரையில் சாக்கு விரித்து வைப்பதற்குள் இடுப்புப் பிடித்துக்கொண்டது. அம்பாசமுத்திரத்திலிருந்து வந்து எங்களோடு இருக்கும் அம்மா, கல்லின் மேல் தண்ணீரைத் தெளித்து, உள்ளங்கையால் ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “ஏல, கல்லுல கண்ணு விழுந்துருக்கு. பாத்து வாங்க மாட்டியா? இதுல அரைச்சா பாதித் தொவையல கல்லே தின்னுரும்.” விலை ஏன் அவ்வளவு குறைவாக இருந்தது என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

தோசைக்குக் கண் விழுவதைச் சொல்லும் அதே சொல்லை அம்மா கல்லுக்கும் சொன்னது தற்செயலாகத்தான். ஆனால் அந்தக் குழிகளுக்கு அதைவிடப் பொருத்தமான பெயரை நான் படித்த நிலவியல் நூல்கள் எவற்றிலும் கண்டதில்லை. காய்ந்த தோசைக்கல்லில் மாவை ஊற்றியதும், புளித்த மாவுக்குள் இருக்கும் வாயுவும் அடியில் எழும் நீராவியும் மேல்நோக்கி முட்டிக்கொண்டு வெளியேறுகின்றன. அவை போன வழி மூடிக்கொள்வதற்குள் மாவு வெந்து இறுகிவிடுவதால், வழி அப்படியே நின்றுவிடுகிறது. என் அம்மியில் இருக்கும் மிளகளவுக் குழிகளும் அப்படி நின்றுபோனவையே. ஏறக்குறைய 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்பு தக்காணத்தின் மேல் ஓடிய லாவாவுக்குள், மேலே ஏறிக்கொண்டிருந்த குமிழிகள் வெளியேறி முடிப்பதற்குள் லாவா இறுகிவிட்டது. இதை அம்மாவிடம் என்னால் முடிந்தவரை விளக்கினேன். முழுவதும் கேட்டுவிட்டு, “சரி, அந்தக் காத்து இப்ப எங்க?” என்று ஒரே கேள்வி கேட்டார். கணக்கு எழுதிப் பிழைக்கும் எனக்கு, வரவு வைத்த ஒன்று எந்தச் செலவில் போனது என்று கேட்டால் பதில் சொல்லாமல் இருக்க முடியாது. அந்தப் பதில்தான் இந்தப் பதிவு.

முதலில் நம் சொற்களைச் சற்று ஒதுக்கி வைக்க வேண்டியிருக்கிறது. எரிமலை என்கிறோம், அங்கே விறகு எரிவதுபோல் எதுவும் எரிவதில்லை. புகை என்கிறோம்; அதில் பெரும்பகுதி நீராவி. சாம்பல் என்கிறோம், அது எரிந்து மிஞ்சியது அன்று, உடைந்த கண்ணாடித் துகள். நெருப்பை வைத்து யோசித்தால் எரிமலை ஏன் வெடிக்கிறது என்பது கடைசிவரை புரியாது. கரைந்திருக்கும் வாயுவை வைத்து யோசித்தால், ஒரு மலை ஏன் வெடிக்கிறது என்பதோடு, இன்னொரு மலை ஏன் வெடிக்காமல் அமைதியாக வழிகிறது என்பதும் சேர்ந்தே புரிகிறது.

பூமிக்கடியில் உருகிய பாறைக்குழம்பான மாக்மா, வெறும் பாறையின் திரவம் அன்று. நீர், கரியமில வாயு, கந்தகம், குளோரின், ஃபுளோரின் ஆகியவை அதற்குள் கரைந்திருக்கின்றன. கரைந்திருப்பது என்றால் குமிழியாக இருப்பது அன்று. குமிழியே இல்லாமல், திரவத்தோடு திரவமாக ஒன்றிப் போயிருப்பது. கோலி சோடாவைத் திறப்பதற்கு முன் பார்த்தால் உள்ளே இருப்பது பச்சைத் தண்ணீர் போலத்தான் தெரியும். கழுத்தில் கோலிக்குண்டு ரப்பர் வளையத்தோடு இறுகிப் பொருந்தியிருக்கிறது. அதை அங்கே பிடித்து வைத்திருப்பது உள்ளே இருக்கும் வாயுவின் அழுத்தமேயன்றி வேறு பூட்டு எதுவும் இல்லை. கட்டைவிரலால் குண்டை உள்ளே தள்ளிய கணத்தில், எங்கிருந்து வந்தன என்று தெரியாதபடி குமிழிகள் பிறக்கின்றன. அவை வெளியிலிருந்து வந்தவை அல்ல. அழுத்தம் விலகியதும் கரைந்திருக்க முடியாமல் பிரிந்து வந்தவை. தாராவியில் பன்னீர் சோடா குடித்தவர்களுக்கு மாக்மாவைப் பற்றிய பாதி விஷயம் ஏற்கெனவே தெரியும் என்றே சொல்வேன். மீதிப் பாதியில் சோடா உதவாது. ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

நான்கு கிலோமீட்டர் ஆழத்தில், மேலே அழுத்தும் பாறையின் எடை வளிமண்டல அழுத்தத்தைப் போல் ஏறக்குறைய 1,000 மடங்கு. அந்த அழுத்தத்தில், சிலிக்கா மிகுந்த ரயோலைட் வகை மாக்மா தன் எடையில் சுமார் 4 விழுக்காடு நீரைக் கரைத்து வைத்துக்கொள்ளும். நான்கு விழுக்காடு என்பது கேட்பதற்கு அற்பமாக இருக்கிறது. வட்டிக் கணக்கு பார்ப்பவன் என்பதால் எனக்கு அற்ப விழுக்காடுகளின் மேல் எப்போதும் ஒரு சந்தேகம் உண்டு. ஆகவே ஒரு தாளில் போட்டுப் பார்த்தேன். ஒரு கன மீட்டர் மாக்மாவின் எடை ஏறக்குறைய இரண்டரை டன். அதில் 4 விழுக்காடு என்றால் 100 கிலோ நீர். அந்த நீர் முழுவதும் 900 டிகிரி வெப்பத்தில், மேற்பரப்பின் அழுத்தத்தில், ஆவியாக நின்றால் அதற்கு 500 கன மீட்டருக்கு மேல் இடம் வேண்டும். எங்கள் குளியலறையில் தண்ணீர் பிடித்து வைக்கும் டிரம் போல ஐந்தை நெருக்கி வைத்த அளவுள்ள பாறைக்குழம்பு, எங்கள் வீட்டைப் போல இரண்டு மூன்று வீடுகளை நிரப்பும் ஆவியைத் தனக்குள் மடித்து வைத்திருக்கிறது.

இந்த நீர் உண்மையிலேயே மாக்மாவுக்குச் சொந்தமானதுதானா என்பதே ஒரு காலத்தில் பெரிய வழக்காக இருந்தது. அல்பர்ட் ப்ரன் என்ற சுவிஸ் வேதியியலாளர், மாக்மா அடிப்படையில் வறண்டது, எரிமலை வாயுவில் நீராவி கிடையாது என்று 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாதிட்டார். அதற்குப் பதிலாக ஆர்தர் டேயும் ஷெப்பர்டும் 1912இல் ஹவாய்த் தீவின் கிலவேயா எரிமலைக்குள் இறங்கி, காற்று கலப்பதற்கு முன்பே லாவாவிலிருந்து வரும் வாயுவைக் குழாயில் இழுத்துப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். குழாய்களில் நீர் இருந்தது. கொதிக்கும் லாவாவின் பக்கத்தில் கண்ணாடிக் குழாயோடு நின்று முடித்துவைத்த வாதம் என்பதால், எனக்கு இந்த வழக்கின் மேல் தனி மதிப்பு உண்டு.

இப்போது இன்னொரு சான்றும் இருக்கிறது. மாக்மா ஆழத்தில் இருக்கும்போதே அதில் ஆலிவின் போன்ற படிகங்கள் வளர்கின்றன. வளரும்போது தவறிப்போய் மாக்மாவின் ஒரு துளியைத் தங்களுக்குள் வைத்து மூடிக்கொள்கின்றன. மாக்மா வெடித்தாலும் வழிந்தாலும், படிகத்துக்குள் அகப்பட்ட துளி வாயுவைப் பெரும்பாலும் இழக்காமல் கண்ணாடியாக இறுகுகிறது. முடியின் தடிமனே உள்ள அந்தத் துளிகளை அளந்துதான், கிலவேயாவின் பசால்ட்டில், அதாவது சிலிக்கா குறைந்த கறுப்பு எரிமலைப் பாறையில், நீர் அரை விழுக்காட்டை ஒட்டியே இருக்கிறது என்றும், கடல் தட்டு ஒன்று இன்னொரு தட்டுக்கு அடியில் அமிழும் இடங்களின் எரிமலைகளில் அது பல மடங்கு கூடுதல் என்றும் சொல்கிறார்கள். அமிழும் தட்டு தன் படிவுகளிலும் பாறைகளிலும் கடல்நீரைச் சுமந்துகொண்டு கீழே போகிறது. அந்த நீர் மேலேயுள்ள பாறையின் உருகுநிலையைத் தாழ்த்தி, அதை உருக்கி, அந்த உருகலிலேயே கரைந்து மறுபடி மேலே வருகிறது. அந்தமான் கடலில் இன்றும் அவ்வப்போது உறுமும் பாரன் தீவு இந்த வகைதான்.

மாக்மா மேலே ஏறும்போது எல்லா வாயுவும் ஒரே நேரத்தில் பிரிவதில்லை. கரியமில வாயுவுக்கு மாக்மாவில் இருப்புக் கொள்ளாது; பல கிலோமீட்டர் ஆழத்திலேயே அது பிரியத் தொடங்கிவிடும். நீர் கடைசிச் சில கிலோமீட்டர்வரை பொறுத்திருக்கும். கந்தகமும் பெரும்பாலும் மேலே வந்த பிறகுதான் பிரியும். இந்த முன்பின் வரிசையே இன்று எரிமலையைக் கண்காணிப்பவர்களுக்குக் கைவிளக்காக இருக்கிறது. இத்தாலியின் எட்னா, ஸ்ட்ராம்போலி எரிமலைகளில் வெளிவரும் வாயுவில் கந்தக டை ஆக்சைடைவிடக் கரியமில வாயுவின் பங்கு திடீரென்று கூடினால், ஆழத்தில் புதுச் சரக்கு வந்து இறங்கியிருக்கிறது என்று பொருள் கொள்கிறார்கள்.

சோடா உதவாத இடம் இனி வருகிறது. சோடாவில் குமிழி பிறந்தால் தடையின்றி மேலே ஓடிவிடும். மாக்மாவில் அப்படி ஓட முடியுமா என்பது அந்த மாக்மா எவ்வளவு கெட்டி என்பதைப் பொறுத்தது. இதை எங்கள் வீட்டில் அம்மாவைவிட நன்றாக யாரும் விளக்க முடியாது. ரசம் கொதிக்கும்போது பக்கத்தில் நிற்கலாம். குமிழிகள் சின்னச் சின்னதாக எழுந்து, ஓசையின்றி உடைந்து, நுரை கூடும். உளுந்தங்களி கிண்டும்போது அப்படி நிற்க முடியாது. குமிழி அடியிலேயே அகப்பட்டு, பெருத்து, மேலே முட்டி, “புளக்” என்று வெடிக்கும்போது களி தெறித்து முன்கையில் ஒட்டும். அம்மாவின் வலது மணிக்கட்டுக்கு மேல் ஒரு தழும்பு இருக்கிறது. அது என் அக்கா பூப்பெய்தியபோது அவளுக்குக் களி கிண்டிய நாளில் விழுந்தது. ரசமும் களியும் ஒரே அடுப்பில், ஒரே சூட்டில்தான் கொதித்தன.

பசால்ட் லாவா ரசம் அளவுக்கு நீர்த்ததன்று. தேன் அல்லது அதைவிடச் சற்றுக் கெட்டி என்று கொள்ளலாம். ரயோலைட் அதைவிடப் பல லட்சம் மடங்கு கெட்டி. காரணம் சிலிக்கா, சிலிக்கா மிகுந்த உருகலில் சிலிக்கனும் ஆக்சிஜனும் ஒன்றையொன்று பிடித்துச் சங்கிலியாகவும் வலையாகவும் நிற்கின்றன. கரைந்திருக்கும் நீர் இந்தச் சங்கிலிகளை அங்கங்கே அறுத்துவிடுவதால், நீர் உள்ளவரை மாக்மா சற்று இளகலாக இருக்கும். இங்கேதான் இந்த விஷயத்திலேயே என்னை மிகவும் ஈர்க்கும் சிக்கல் இருக்கிறது. மாக்மா மேலே ஏறினால் நீர் குமிழியாகப் பிரிகிறது. நீர் பிரிந்தால் மாக்மா கெட்டிப்படுகிறது. கெட்டிப்பட்டால் பிரிந்த குமிழி வெளியேற முடிவதில்லை. நீரை இழந்ததால் படிகங்களும் வேகமாக வளர்ந்து அதை இன்னும் இறுக்குகின்றன. வெளியேறத் தொடங்கிய செயலே வெளியேறும் வழியை அடைக்கிறது.

அகப்பட்ட குமிழிகள் மேலே போகப் போக அழுத்தம் குறைவதால் பெருத்துக்கொண்டே போகின்றன. மாக்மா நுரையாகிறது. நுரையின் கொள்ளளவில் ஏறக்குறைய முக்கால் பங்கு குமிழியாக ஆகிவிட்ட நிலையில், குமிழிகளுக்கு நடுவிலுள்ள சுவர்கள் மிக மெலிந்து, விரிவுக்கு ஈடு கொடுக்க முடியாமல் நொறுங்குகின்றன. அதுவரை குமிழிகளைச் சுமந்த திரவமாக இருந்தது, அந்த இடத்திலிருந்து துகள்களைச் சுமந்த வாயுவாக மாறிவிடுகிறது. தாங்குவது எது, தாங்கப்படுவது எது என்பது தலைகீழாகிறது. வாயு என்றான பிறகு அதன் வேகத்தைத் தடுக்கப் பாகுத்தன்மை இல்லை. வெடிப்பு என்று நாம் பார்ப்பது இதைத்தான். எரிமலைச் சாம்பலை நுண்ணோக்கியில் பார்த்தால், வளைந்த, கூர்மையான, மூன்று முனை கொண்ட கண்ணாடிச் சில்லுகள் தெரிகின்றன. அவை நொறுங்கிய குமிழிகளின் சுவர்கள். சுமத்ராவின் தோபா எரிமலை ஏறக்குறைய 74,000 ஆண்டுகளுக்கு முன்பு வெடித்தபோது பறந்த இந்தச் சில்லுகள், ஈராயிரம் கிலோமீட்டருக்கு மேல் கடந்து வந்து, கர்நூல் பக்கத்தில் ஜ்வாலாபுரத்தில் வெள்ளைப் படிவாகக் கிடக்கின்றன. நொறுங்காமல் தப்பிய நுரைதான் தண்ணீரில் மிதக்கும் நுரைக்கல். கடைகளில் குதிகால் தேய்க்க விற்பது. அதே ரயோலைட், வாயுவை முன்பே இழந்துவிட்டு இறுகினால், ஒரு குமிழிகூட இல்லாத கறுப்புக் கண்ணாடியாகிய அப்சிடியன் ஆகிறது. இரண்டையும் வேதியியல் ஆய்வுக்கு அனுப்பினால் கிட்டத்தட்ட ஒரே விடைதான் வரும்.

ஆகவே, ஒரு மாக்மாவில் எவ்வளவு வாயு இருந்தது என்பதை மட்டும் வைத்து அது வெடிக்குமா என்று சொல்ல முடியாது. வாயு வெளியேற அதற்கு நேரமும் வழியும் கிடைத்தனவா என்று கேட்க வேண்டும். மெதுவாக ஏறினால் குமிழிகள் ஒன்றையொன்று தொட்டு, சேர்ந்து, கடற்பஞ்சின் துளைகள்போல வழி உண்டாக்கிக்கொண்டு, வாயு பக்கத்துப் பாறை விரிசல்கள் வழியாகக் கசிந்துவிடும். விரைந்து ஏறினால் அதற்கு அவகாசமில்லை.

அமெரிக்காவின் செயின்ட் ஹெலன்ஸ் மலை இதற்கு நல்ல சாட்சி. 1980 வசந்தத்தில், ரயோலைட்டைவிடச் சற்றுக் குறைந்த சிலிக்கா கொண்ட டேசைட் மாக்மா வெளியே வராமல் மலையின் உடலுக்குள்ளேயே புகுந்து, வடக்குச் சரிவை நாளொன்றுக்கு ஒன்றரை, இரண்டு மீட்டர் வீதம் வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. மே 18 காலை 8:32க்கு நிலம் நடுங்கியதும் வீங்கிய சரிவு அப்படியே வழுக்கி விழுந்தது. மாக்மாவின் மேலிருந்த பாரம் நொடிகளில் அகன்றது. கோலிக்குண்டைத் தள்ளியது போன்ற அந்தக் கணத்தில் மலை மேல்நோக்கி மட்டுமன்றிப் பக்கவாட்டிலும் வெடித்து, 57 பேர் இறந்தனர். ஆனால் அதே மலை 2004 முதல் 2008 வரை மறுபடி டேசைட்டை வெளியே தள்ளியபோது, பெரும்பாலும் சத்தமில்லாமல் தள்ளியது. முன்பே வாயு நீங்கிவிட்ட மாக்மா, பாதி இறுகிய நிலையில், பற்பசைக் குழாயிலிருந்து காய்ந்த பசை வருவதுபோல் பாறை முட்டுகளாக எழும்பி நின்றது. மலையும் அதுவே, பாறை வகையும் அதுவே.

வழி அடைபடுவதைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் பொதுப்புத்தி தவறாகவே வழிகாட்டும். எரிமலையிலிருந்து வரும் வாயு குறைந்தால் நல்லதுதானே என்று தோன்றும். அடுப்பில் சூடு அப்படியே இருக்க, குக்கர் விசில் அடிப்பதை மட்டும் நிறுத்திவிட்டால் எந்த வீட்டிலும் யாரும் நிம்மதி அடைவதில்லை. துவாரத்தில் பருப்புத் தோல் அடைத்திருக்கிறது என்று பதறிப்போய் அடுப்பை அணைப்பார்கள். பிலிப்பைன்ஸின் பினாட்டுபோவில் 1991 மே 13 அன்று நாளொன்றுக்கு 500 டன்னாக அளக்கப்பட்ட கந்தக டை ஆக்சைடு, மே 28க்குள் 5,000 டன்னைத் தாண்டியது. பிறகு திடீரென்று சரிந்தது. அங்கிருந்த பிலிப்பைன்ஸ், அமெரிக்க ஆய்வாளர்கள் அந்தச் சரிவை ஓய்வு என்று எடுத்துக்கொள்ளாமல், மாக்மாவின் வாய் அடைபடுகிறது என்று எடுத்துக்கொண்டார்கள். மக்கள் ஆயிரக்கணக்கில் வெளியேற்றப்பட்டார்கள். ஜூன் 15 அன்று மலை வெடித்தது. அந்த நூற்றாண்டின் இரண்டாவது பெரிய வெடிப்பு அது. கொலம்பியாவின் கலேராஸில் அந்த நற்பேறு இல்லை. 1993 ஜனவரி 14 அன்று, வாயு குறைவாகவும் மலை அமைதியாகவும் தோன்றிய நேரத்தில், பள்ளத்துக்குள் வாயு மாதிரி எடுக்க இறங்கிய ஆய்வாளர்களில் ஆறு பேரும், வேடிக்கை பார்க்க வந்த மூன்று பேரும் உயிரிழந்தார்கள்.

நீர்த்த பசால்ட் என்றாலே வாயுவுக்கு வேலையில்லை என்றும் கொள்ளக் கூடாது. கிலவேயாவின் பக்கப் பள்ளமான கிலவேயா இக்கியில் 1959 டிசம்பரில் லாவா ஊற்று 580 மீட்டர் உயரம் பீறிட்டது. அதைத் தூக்கியது வாயுவே. வேறுபாடு என்னவென்றால், அந்த வாயு மாக்மாவைக் கிழித்துக்கொண்டு வெளியேறியதும், துளிகளாகத் திரும்பி விழுந்த லாவா ஒன்றுசேர்ந்து ஓடிவிட்டது.

தக்காணத்திலும் பெரும்பாலும் ஓடத்தான் செய்தது. இன்றைக்கு எஞ்சியிருப்பதே ஏறக்குறைய 5 லட்சம் சதுர கிலோமீட்டர். மேற்குத் தொடர்ச்சி மலைப் பக்கம் அதன் கனம் 2 கிலோமீட்டருக்கு மேல். ஊருக்குப் போகும் ரயிலில் கர்ஜத்தில் பின்னால் கூடுதல் எஞ்சின்களைக் கோத்துக்கொண்டு போர்காட் ஏறும்போது, சன்னலோரம் கிடைத்தவர்கள் வடா பாவ் வாங்கும் மும்முரத்தில் கோட்டை விடும் காட்சி ஒன்று உண்டு. எதிர்ச் சரிவு முழுவதும் படிக்கட்டு. ஸ்வீடிஷ் மொழியில் படிக்கட்டைக் குறிக்கும் சொல்லிலிருந்துதான் இந்தப் பாறை அடுக்குகளுக்கு டிராப் என்ற பெயரே வந்தது. ஒவ்வொரு லாவா ஓட்டத்துக்கும் உச்சியில் கண் விழுந்த மேலோடு. நடுவில் குமிழியில்லாத இறுகிய உடல். அடியில் மெல்லிய பகுதி, சில இடங்களில் குழாய் குழாயாக எழுந்த குமிழித் தடங்களோடு. குமிழிகள் மேலே ஏறின, மேலே முதலில் குளிர்ந்து இறுகிய ஓடு அவற்றைப் பிடித்து நிறுத்தியது, நடுப்பகுதி மெதுவாகக் குளிர்ந்ததால் அங்கிருந்தவை ஏறித் தப்பின. இறுகிய நடுப்பகுதி செங்குத்தாக நிற்க, கண் விழுந்த பகுதி மழையில் எளிதில் தேய்ந்து சரிகிறது. பல நூறாயிரம் மழைக்காலங்களில் அது படிக்கட்டாகிவிட்டது. நல்ல அம்மிக்குக் கல் எடுப்பவர்கள் நடுப்பகுதியைத்தான் எடுப்பார்கள். எனக்கு விற்றவர் உச்சிக்குப் பக்கத்தில் எடுத்திருக்கிறார். அம்பாசமுத்திரத்து அம்மியில் கண் இல்லாததற்குக் காரணம் கொத்தியவரின் திறமை மட்டுமன்று. அந்தக் கல் பூமிக்குள் பல கிலோமீட்டர் ஆழத்தில், அழுத்தம் விலகாமல், பொறுமையாகப் படிகமானது.

மும்பையிலேயே எல்லாம் ஓடிய லாவா அன்று. போரிவலிக்கு அப்பால் கான்ஹேரிக் குகைகளைக் குடைந்திருக்கும் பாறையை அருகில் போய்ப் பார்த்தால், கோணல்மாணலான துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கெட்டியானதாக இருக்கும். ஓட்டமாக அன்றி உடைசலாக வந்த எரிமலைப் பொருள் அது. இந்தப் பக்கத்தில் ரயோலைட்டும், இறுகிய சாம்பல் படிவும்கூட உண்டு. தக்காணத்தின் கதையை “அமைதியாக வழிந்தது” என்று ஒரே மூச்சில் முடித்துவிடுபவர்களிடம் நான் கான்ஹேரிக்குப் போய்வரச் சொல்வது வழக்கம்.

இனி அம்மாவின் கேள்வி. ஓடிய லாவாவின் வாயு வெடிக்கவில்லை. தடையில்லாமல் காற்றில் கலந்தது. தடையில்லாமல் கலந்ததால் தீங்கில்லை என்று ஆகாது என்பதை ஐஸ்லாந்து காட்டியது. 1783 ஜூன் 8 அன்று அங்கே லாக்கி என்ற இடத்தில் நிலம் நீளவாக்கில் பிளந்து, எட்டு மாதம் பசால்ட் ஓடியது. லாவாவால் இறந்தவர்கள் இல்லை என்றே சொல்லலாம். ஆனால் அதோடு ஏறக்குறைய 12 கோடி டன் கந்தக டை ஆக்சைடு வெளியேறியது. பினாட்டுபோவின் மாபெரும் வெடிப்பு உமிழ்ந்தது 2 கோடி டன்னுக்குள்தான். ஃபுளோரின் படிந்த புல்லைத் தின்ற ஆடுமாடுகள் மடிந்தன, பஞ்சம் வந்தது, ஐஸ்லாந்து மக்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் இறந்தார். ஐரோப்பா முழுவதும் அந்தக் கோடையில் மூட்டம் கவிந்தது. லாக்கியில் ஓடிய லாவா சுமார் 15 கன கிலோமீட்டர். தக்காணத்தில் ஓடியது பல லட்சம் கன கிலோமீட்டர். டைனோசர்கள் அழிந்ததற்கு மெக்சிகோவில் விழுந்த விண்கல் காரணமா, தக்காணத்தின் கரியமில வாயுவும் கந்தகமும் எவ்வளவு பங்கு வகித்தன என்பது இன்றும் ஆய்வாளர்களிடையே முடியாத வாதம். விண்கல்லின் பக்கமே சான்று கனமாக இருப்பதாக எனக்குப் படுகிறது. ஆனால் என் அம்மியின் கண்களிலிருந்து வெளியேறியது அந்தக் காலத்துக் காற்றில் கலந்தது என்பதில் வாதமில்லை. கந்தகம் சில ஆண்டுகளில் மழையோடு இறங்கியிருக்கும். கரியமில வாயு ஆயிரக்கணக்கான ஆண்டுகள் இருந்து, கடலிலும் பாறையிலும் மெல்ல மெல்லச் சேர்ந்திருக்கும்.

இதையெல்லாம் சொல்லி முடித்தபோது அம்மா கல்லின் ஒரு மூலையைக் காட்டினார். எல்லாக் கண்ணும் காலியாக இல்லை; நாலைந்தில் பால் வெள்ளையாக ஏதோ அடைந்திருந்தது. தக்காணக் கல்லில் இது சாதாரணம். லாவா குளிர்ந்த பிறகு, பாறைக்குள் ஊறிய நீர் தான் கரைத்த பொருள்களைக் காலிக் குழிகளில் படிய வைத்தது. கால்சைட்டாகவோ, குவார்ட்ஸாகவோ, சியோலைட்டாகவோ அது இருக்கும். புனே, நாசிக், ஜல்காவ் பக்கத்துக் குவாரிகளில் கிடைக்கும் சியோலைட் படிகங்கள் உலக அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. அந்தப் பெயருக்குக் கிரேக்கத்தில் கொதிக்கும் கல் என்று பொருள். 1756இல் ஸ்வீடன் நாட்டு க்ரோன்ஸ்டெட், இந்தக் கல்லைச் சூடாக்கியபோது அது நீராவியை விட்டு நுரைத்ததைப் பார்த்து வைத்த பெயர்.

ஆணியால் ஒரு வெள்ளைப் பருக்கையைத் தட்டி எடுத்தேன். எலுமிச்சைச் சாறு விட்டுப் பார்த்தேன். நுரைக்கவில்லை, ஆகவே கால்சைட் அன்று. பத்தாம் வகுப்புப் படிக்கும் மகளின் சோதனைக் குழாய் ஒன்றில் அதைப் போட்டு, ஸ்பிரிட் விளக்கின் மேல் சாய்த்துப் பிடித்தோம். முதலில் ஒன்றும் நடக்கவில்லை. அரை நிமிடத்துக்குப் பிறகு குழாயின் குளிர்ந்த மேல்பகுதியில் மங்கலாகப் பனி படர்ந்தது. அது சேர்ந்து, கடுகைவிடச் சின்னதாக ஒரு துளி ஆகி, கண்ணாடியில் சற்று இறங்கி நின்றது. அம்மா கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு குனிந்து பார்த்தார்.

“இதுதானா அது?” என்றார்.

இல்லை, இது பிற்பாடு மண்ணில் ஊறி இறங்கிய நீர், லாவாவோடு வந்தது அன்றைக்கே போய்விட்டது என்றேன்.